நாலாம் நம்பர் வீட்டுச் சுவர்

கண்ணாடி உடைந்திருந்தது.

நாலாம் நம்பர் வீட்டுச் சமையலறைச் சுவரில் நான் ஒட்டிவைத்திருந்த மூன்று கண்ணாடிப் பட்டைகளில் நடுவில் இருந்தது. ஒரு விரல் நீளம்தான் இருக்கும். டார்ச்சை அதன்மேல் அடித்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் ரங்கநாயகி மாமி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெருங்காய வாசனை அந்தச் சின்ன அறை முழுக்க நிறைந்திருந்தது.

"உடைஞ்சுடுத்தே" என்றார் மாமி.

"எப்போ பார்த்தீங்க?"

"கார்த்தால. தளிகை பண்ண வந்தப்போ."

"சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லையே. அப்போ இடிக்கத்தானே வேணும்?"

அந்தக் கேள்வியில் இருந்த அவசரம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கண்ணாடி சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் ஒரு விரிசல் இருந்தால், அது என்றைக்கோ விட்டு நின்றுபோனதா, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் பூசி இறுக்கிவிடுவோம். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது. சில வாரம் கழித்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் சுவர் நின்றுவிட்டது என்று அர்த்தம், பழுது பார்க்கலாம். உடைந்தால் ஆட்களை வெளியேற்றிவிட்டு இடிக்க வேண்டியதுதான்.

நாலாம் நம்பர் வீடு இடிக்கப்பட வேண்டாம் என்று நான் ஆசைப்பட்டேன். 

மழை விட்ட பிறகு

நான் அப்போது திருப்பதி நகராட்சியில் ஜூனியர் இன்ஜினியர். அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை விடவில்லை. கீழ்த் திருப்பதியில் பெரிய கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வீடுகள் ஊறிப்போய், சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அடுத்த மழைக்கு முன்னால் எந்தெந்த வீட்டை இடிக்க வேண்டும், எதைப் பழுது பார்க்கலாம் என்று பட்டியல் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது.

எனக்கு விழுந்தது தேர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு சந்து. ஏழு வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒரே சுவர்தான். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை. வாசலில் கல் தூண்கள். கோயில் வேலை செய்கிற வைணவக் குடும்பங்களுக்காக எந்தக் காலத்திலோ கட்டியது. நான் போனபோது அந்தக் குடும்பங்களில் மூன்றுதான் மிச்சம். மற்ற வீடுகள் வாடகைக்குப் போயிருந்தன, ஒன்று பூட்டிக் கிடந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் பெங்களூருக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா போகத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளோடு போனில் பேசப் பஞ்சகச்சமும் மடிசாருமாக வரிசை நிற்கும். இன்னொரு பக்கம், மலைக்கு வருகிற கூட்டம் ஏறிக்கொண்டே போனது. ஒரு பழைய வீடு விழுந்தால் அந்த இடத்தில் சீக்கிரமே நாலு மாடி லாட்ஜ் நிற்கும். எங்கள் சந்துக்குப் பின்னாலும் ஒன்று எழும்பிவிட்டிருந்தது. அதைக் கட்டும்போது கொட்டிய மண்ணும் கல்லும்தான் பழைய கல் வடிகாலை அடைத்து, ஏழு வீட்டுப் பின்சுவர்களுக்கு அடியிலும் தண்ணீரைத் தேக்கியிருந்தது.

முதல் வீட்டையும் ஏழாவது வீட்டையும் காப்பாற்ற வழியில்லை. முதலாவதில் சட்டங்களைக் கறையான் தின்று முடித்திருந்தது. ஏழாவதில் பாதிக் கூரை மழையிலேயே இறங்கிவிட்டது. இரண்டிலும் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டேன். மீதி ஐந்தும் நடுவிலிருந்த நாலாம் நம்பரை நம்பி நின்றன. அது விழுந்தால் இரண்டு பக்கமும் பிடிப்பு போய்விடும்.

எங்கள் டெபுடி இன்ஜினியர் தெலுங்கில்தான் பேசுவார், நான் தமிழில் தருகிறேன். நல்ல மனுஷர். பதினெட்டு தெருவுக்குப் பட்டியல் அனுப்ப வேண்டிய அவசரத்தில் இருந்தார்.

"ஏம்மா கஸ்தூரி, ஏழுக்கும் சேர்த்து ஒரே ரிப்போர்ட்டா எழுதிடேன். எல்லாம் கிழடு தட்டின வீடு."

"அஞ்சு வீடு நிக்கும்னு நினைக்கிறேன் சார். மூணு வாரம் குடுங்க, கண்ணாடி ஒட்டிப் பார்த்துடறேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்குள்ள சுவர் யார் மேலயாவது விழுந்தா நீயும் நானும் சேர்ந்துதான் பதில் சொல்லணும். முட்டுக் குடுத்துட்டியா?"

"சவுக்குக் கட்டையால குடுத்தாச்சு சார்."

"சரி, மூணு வாரம்."

எங்கள் வீட்டை நாங்களே இடித்த கதை

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய வீட்டின்மேல் ஆசை வைக்க எனக்கு எந்த நியாயமும் கிடையாது.

பாலசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புழங்குகிற எல்லை ஊர். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பாவை நைனா என்போம், அவர் கிணறு வெட்டப் போவார். மண்சுவர் வைத்துப் பனையோலை போட்ட வீடு. கவர்ன்மெண்ட் காலனியில் தளம் போட்ட வீடு கிடைத்த அன்று, பழைய வீட்டை நாங்களே இடித்தோம். நைனா கடப்பாரையால் மூலையில் நாலு குத்து குத்தினார். அவ்வளவுதான், சுவர் உட்கார்ந்துவிட்டது.

"இவ்ளோதானா?" என்று அம்மா கேட்டாள்.

"இதுக்குள்ளயா இத்தினி வருசம் படுத்துக்கினு இருந்தோம்" என்றார் நைனா.

இருவரும் சிரித்தார்கள். அம்மா ஓலையெல்லாம் அடுப்புக்கு ஆகும் என்று கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வீட்டை நினைத்து எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் ஏங்கியதில்லை.

பிறகு சித்தூரில் தங்கி டிப்ளமோ படித்தேன், வேலைக்கு வந்தேன். அதையெல்லாம் இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் எழுதிவிட்டேன். படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து, அண்ணன் வேலூரிலிருந்து வாங்கி வரும் வாரப் பத்திரிகைகளைப் பார்த்துப் பழகியது. இந்தத் தொடரில் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் குழுவுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அப்படிப்பட்ட எனக்கு அந்தச் சந்தின்மேல் ஏன் அத்தனை பிரியம் வந்தது? அப்போது கேட்டிருந்தால் சுண்ணாம்புச் சுவரின் பலம், தேக்கின் தரம் என்று ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது யோசித்தால் வேறு ஒன்று தோன்றுகிறது. எங்களைப் போன்றவர்கள் அந்த வாசலைத் தாண்ட முடியாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது. நான் உள்ளே போன நேரம் பார்த்து அது இடிந்து போவதில் எனக்குச் சம்மதமில்லை.

முதல் முறை உள்ளே போனது

நாலாம் நம்பருக்குள் முதலில் போனபோது ரங்கநாயகி மாமி வாசலிலேயே நிறுத்தினார். ஐம்பதைத் தொடாத வயசு. ஒல்லியான உடம்பு, வேகமான நடை.

"எந்த ஊர் நீங்க?"

சொன்னேன். அடுத்த கேள்வியை அவர் கேட்காமல் சுற்றிச் சுற்றி வந்தார். அப்பா என்ன பண்றார், அங்கே எந்தப் பக்கம் வீடு என்று. நானே நேராகச் சொல்லிவிட்டேன். மாமி திரும்பி உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"விரிசல் தளிகை உள்ளுக்குள்ளதான் இருக்கு" என்றார். "நீங்க வந்து பாத்தாத்தானே ஆகும். வாங்கோ."

அந்த வீட்டிலேயே அதிக மடி, ஆசாரம் பார்க்கிற இடம் சமையலறை. அதற்குள் நான் அளவு டேப்புடன் மண்டியிட்டு உட்கார்ந்தேன். மாமி விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பகல் பதினொரு மணிக்கு விளக்கு.

மாமியின் கணவர் வரதன் சாமி, கோயில் மடப்பள்ளியில் பிரசாதம் தயாரிக்கிறவர். அதிகாலையில் போனால் பிற்பகலில்தான் திரும்புவார். சாதுவான மனுஷர். தூணைத் தொட்டு, "இது எங்க தாத்தா பிள்ளையா இருக்கறப்போ சாய்ஞ்சுண்டு நின்ன தூண்" என்று காட்டுவார். வீட்டை இடிப்பது என்ற பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார்.

"சாமி, கொஞ்ச நாளைக்குச் சமையலைக் கூடத்துக்கு மாத்திக்கோங்க. அந்தச் சுவர்ப் பக்கம் இருக்க வேண்டாம்" என்றேன் அவரிடம்.

"எங்க பாட்டி காலத்துலேர்ந்து அடுப்பு அங்கேதானே" என்றார் வரதன் சாமி. "பெருமாள் பாத்துப்பார்."

மாமியிடம் நான் கேட்கவில்லை. மாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

விரிசல் விட்ட சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் நம்பர் வீடு. பலமனேர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த முனிரத்தினமும் அவர் மனைவி செல்வியும் இரண்டு பெண் குழந்தைகளோடு வாடகைக்கு இருந்தார்கள். வீடு முழுக்கப் பூக்கூடை. கோயில் வாசல் கடைகளுக்கு மாலை கட்டிக் கொடுப்பது தொழில்.

"இன்னா மேடம், இடிச்சுடுவாங்களா?" என்று முனிரத்தினம் கேட்டார். விரல்கள் பாட்டுக்குச் சாமந்தியைத் தொடுத்துக்கொண்டிருந்தன.

"பார்க்கணும். அந்த வீட்டுச் சுவரைப் பொறுத்துதான்."

"வீட்டுக்காரங்களுக்கு இடம் மிஞ்சும். நாங்க குடக்கூலிக்கு இருக்கறவங்க, எங்களுக்கு இன்னா மிஞ்சும்? இங்க இருந்து பூ மார்க்கெட்டு நடந்து போய்க்கினு இருக்கறேன். ஊருக்கு வெளிய போனா பொழப்பு போச்சு."

செல்வி ஒரு முழம் மல்லிகையை என் கையில் வைத்தாள். நான் வாங்கக் கூடாது. வாங்கிக்கொண்டேன்.

அமெரிக்காவிலிருந்து வந்தவர்

மூன்றாவது வாரத்தில் வரதன் சாமியின் தம்பி சம்பத் வந்து இறங்கினார். நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் பாதிப் பங்கு அவருக்கு. வரும்போதே சுருட்டிய வரைபடம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். பெங்களூரில் யாரிடமோ போட்டு வாங்கியது. மூன்று மாடி. கீழே அண்ணாவும் மன்னியும், மேலே இரண்டு மாடியும் யாத்ரீகர்களுக்கு வாடகை.

என்னைப் பார்த்ததும் கூடத்தில் உட்கார வைத்து விளக்கினார்.

"மேடம், நான் அங்கே மழை நியூஸ் கேட்டா தூங்கறதில்லை. இது என் அண்ணா தலையில விழுந்தா நான் எங்கேர்ந்து ஓடி வருவேன்? நீங்க டேஞ்சர்னு ஒரு வரி எழுதிட்டா அண்ணா ஒத்துப்பார். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார்."

"சுவர் என்ன சொல்லுதோ அதைத்தான் சார் எழுத முடியும்."

அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. என் மனசில் அவரை ஒரு லாட்ஜ் முதலாளியாகவே வைத்துவிட்டேன். அவர் தூங்காமல் இருந்ததாகச் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் நடுக் கண்ணாடி உடைந்திருந்தது.

அப்பளக் குழவி

டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

சுவர் நகர்ந்து உடைகிற கண்ணாடி, விரிசலின் போக்கிலேயே ஒரே கீறலாக உடையும். இதில் நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி நாலா பக்கமும் கோடுகள். எதையோ வைத்துத் தட்டினால் அப்படித்தான் வரும். மேலே இருந்த பட்டையும் கீழே இருந்ததும் முழுசாக இருந்தன. சுவர் நடுவில் மட்டும் நகராது.

எனக்குக் கோபம் வந்தது. நேராகக் கூடத்துக்குப் போனேன். சம்பத் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க சமையலறைக்குள்ள போனீங்களா?"

"எங்க ஆத்துல நான் எங்க வேணும்னாலும் போவேன். என்ன விஷயம்?"

"நடுக் கண்ணாடியை யாரோ கையால உடைச்சிருக்காங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரோன்னா? நான்னு சொல்றேளா?"

"இந்த வீட்ல இடிக்கணும்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான்."

அவர் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"அவர் இல்லை. நான்தான்."

மாமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பளக் குழவியால தட்டினேன். மூணையும் உடைக்கணும்னுதான் எடுத்தேன். ஒண்ணுக்கு மேல மனசு வரலை."

"மன்னி, நீங்களா?" என்றார் சம்பத்.

மாமி அவரைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார். குரல் உயரவில்லை.

"நீங்க மூணு வாரமா வரேள். தூணைத் தட்டிப் பாத்தேள், உத்தரத்தை அளந்தேள், ரொம்ப நன்னாருக்குன்னு சொன்னேள். இதுக்கு முன்னாடி போட்டோ எடுக்க வந்தவாளும் அதையேதான் சொன்னா. அந்தத் தளிகை உள்ளுல ஒரு ஜன்னல் இருக்கான்னு பாத்தேளா?"

நான் மாமிக்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்தேன்.

"இருபத்தாறு வருஷம். பகல்ல விளக்கேத்திண்டு தளிகை பண்றேன். புகை போக வழி கிடையாது, கண்ணெல்லாம் எரியும். மழை ராத்திரியில கொல்லைக்குப் போகணும்னா குடை பிடிச்சிண்டு அந்தக் கோடிக்குப் போகணும். எம் பொண்ணு கல்யாணமாகி பெங்களூர் போனா. முதல் தடவை அவா ஆத்துக்குப் போனப்போ அடுப்புப் பக்கத்துல நின்னுண்டு வெளியில பாத்தேன். தெருவுல ஒருத்தன் சைக்கிள்ல போறான். நான் அப்படியே நின்னுட்டேன்."

அடுப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இவருக்கு இது தாத்தா வீடு. சம்பத்துக்கு அண்ணா தலையில விழப்போற வீடு. உங்களுக்கு என்னமோ பிடிச்சுப்போன வீடு. எனக்கு என்னன்னு யாரும் கேக்கலை. நானும் சொல்லலை, அது என் தப்புதான். சுவர் விழப்போறதுன்னு நீங்க வந்தப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துது. சொல்றதுக்கே வெக்கமா இருக்கு."

என் கையில் இருந்த நோட்டை நினைத்துக்கொண்டேன். அதில் தேக்குச் சட்டத்தின் அகலம் இருந்தது. செங்கல்லின் நீளம் இருந்தது. வாசல் தூணுக்கு நான் ஒரு படமே வரைந்திருந்தேன். பகல் பதினொரு மணிக்கு மாமி விளக்குப் பிடித்தது அதில் இல்லை. மண்வீட்டை விட்டு என் அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்ததை நேரில் பார்த்தவள் நான். எனக்கே தோன்றவில்லை.

முதலில் சம்பத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். 

பிறகு மாமியிடம் சொன்னேன்: "மாமி, நான் பொய் எழுத முடியாது. சுவர் நிக்குது. இடிக்கணும்னு எழுதினா இந்த வீடு மட்டும் போகாது. அந்தச் சுவர்தான் முனிரத்தினம் வீட்டுக்கும் சுவர். அவங்களும் காலி பண்ணணும்."

மாமி சுவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் செல்வி பெண்களை ஏதோ அதட்டுகிற சத்தம் லேசாகக் கேட்டது.

"அவாளுக்கும் இதே சுவரா?" என்றார். "நேக்கு அது தெரியலையே. இந்தப் பக்கம் மட்டுந்தானே நான் பாத்திருக்கேன்."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. உள்ளே ஓடினார்.

அறிக்கையில் எழுதியது

அன்று பிற்பகல் வரதன் சாமி திரும்பும்வரை நான் அங்கேயே இருந்தேன். சம்பத்தான் அண்ணாவிடம் சொன்னார். வரதன் சாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். எழுந்து சமையலறைக்குள் போனார். பத்து நிமிஷம் வெளியே வரவில்லை. மாமி கூடத்திலேயே தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. புகையா வேறேதாவதா என்று நான் கேட்கவில்லை.

"மடப்பள்ளியில எனக்குப் பெரிய புகைபோக்கி இருக்கு" என்றார். "இங்க இல்லைங்கறது எனக்கு ஒரு நாளும்..." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொன்னாலும் பண்ணிடலாம்" என்றார்.

உடைந்த கண்ணாடிக்குப் பதில் புதிதாக ஒன்று ஒட்டினேன். இன்னும் இரண்டு வாரம் கேட்டு வாங்கினேன். மாமி தினமும் பார்த்து ஒரு தாளில் 'முழுசு' என்று எழுதிவைத்தார். தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார். அந்தப் பட்டைகள் மூன்றும் கடைசிவரை உடையவில்லை.

அறிக்கை எழுதினேன். ஒன்றையும் ஏழையும் இடிக்கலாம். மீதி ஐந்தைப் பழுது பார்க்கலாம். பின்பக்கத்து வடிகாலை லாட்ஜ்காரர்கள் தங்கள் செலவில் திறந்துவிட வேண்டும். விரிசல் விட்ட இடத்தில் பழைய செங்கல்லை அங்கங்கே எடுத்து, குறுக்கே புதுச் செங்கல் கொடுத்துச் சுண்ணாம்பில் தைக்க வேண்டும். நாலாம் நம்பர் வீட்டுச் சமையலறைப் பின்சுவரில் மூன்றடிக்கு நாலடி ஜன்னல் ஒன்று திறக்க வேண்டும். கழிவறையைத் தாழ்வாரத்துக்குள் கொண்டுவர வேண்டும். இவற்றைச் செய்வது வீட்டு உரிமையாளர்கள் பொறுப்பு.

டெபுடி இன்ஜினியர் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"ஜன்னல்கூடச் சுவரோட பத்திரத்துக்கா?"

"ஊறின சுவர் சார். காத்து போனாத்தான் காயும்."

"கழிவறை?"

"கோடியில இருந்தா அந்தத் தண்ணியும் பின்சுவருக்குத்தான் போகுது சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்ன இரண்டும் உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் எழுதவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்க வீட்டம்மா இந்த ரிப்போர்ட்டைப் பார்க்காம இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஏழாம் நம்பர் வீட்டை இடித்த அன்று அந்த வீட்டுக்காரர் தெருவில் நின்று என்னைத் திட்டினார். என் குலத்தையும் சேர்த்து. கேட்டுக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்வது. அந்த இடத்திலும் லாட்ஜ்தான் வந்தது. மூன்றாம் நம்பர் வீட்டுக்காரர்கள் சில வருஷம் கழித்துத் தாங்களாகவே விற்றுவிட்டுப் போனார்கள். இரண்டும் நாலும் ஐந்தும் ஆறும் நான் கடைசியாகப் போனபோதும் நின்றன. ஐந்தில் முனிரத்தினம் குடும்பம் இன்னும் பன்னிரண்டு வருஷம் பூக்கட்டியது, மூத்த பெண் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது.

கொத்தனார் வந்த நாள்

ஜன்னல் திறந்த அன்று நானும் போயிருந்தேன். என் வேலையே இல்லை அது. சம்பத் அமெரிக்கா திரும்புவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, செருப்பில்லாமல் மண்ணில் நின்றுகொண்டிருந்தார். மூன்று மாடி வரைபடம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

கொத்தனார் குடிபாலா ஊர்க்காரர், நிதானமான ஆள். மேலே கல் பலகை ஒன்றைச் செருகி வைத்துவிட்டு, செங்கல்லை ஒவ்வொன்றாக உருவினார். ஐந்தாறு செங்கல் வந்ததும் ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் உள்ளே விழுந்தது. அடுப்புமேடை, பருப்பு டப்பா, அண்டா எல்லாம் வேறு நிறத்தில் தெரிந்தன.

மாமி சுவரைத் தடவிப் பார்த்தார். விரலெல்லாம் கரி.

"இத்தனை கரியா" என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மத்தியானத்துக்குள் முழு ஜன்னலும் திறந்துவிட்டது. வெளியே பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. கொல்லை, துவைக்கிற கல், லாட்ஜின் பின்பக்கக் குழாய்கள். லாட்ஜ் தண்ணீர்த் தொட்டிக்கும் இந்தப் பக்கத்து மரத்துக்கும் நடுவில் திருமலையின் ஒரு துண்டு தெரிந்தது. வரதன் சாமி அதைப் பார்த்துக் கைகூப்பினார். மாமி கும்பிடவில்லை. காற்று முகத்தில் படும்படி நின்றுகொண்டிருந்தார்.

"ஜன்னல் வேணும்னா வீட்டையே இடிச்சாத்தான் ஆகும்னு நினைச்சிண்டிருந்தேன், பாருங்கோ" என்றார் என்னிடம்.

கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார். "கம்பி இன்னிக்கே வெச்சுடட்டுமா? தொறந்து கெடந்தா கொரங்கு பூந்துடும்மா."

"நாளைக்கு வெச்சுக்கலாம்" என்றார் மாமி, திரும்பாமலேயே. "இன்னிக்கு இப்படியே இருக்கட்டும். குரங்கு வந்தா வரட்டும்."